கீழே ஒரு கோடு

3 ஜூலை 2019, புதன்

இந்த நோட்டைத் தொடங்குவதற்குக் காரணம் ஒன்றுதான். நாளைக்கு யாராவது "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை" என்று என்னை நிறுத்திக் கேட்டால், காட்டுவதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அரசு வேலையில் முப்பது வருடம் ஓட்டிவிட்டேன். யாரையும் நம்பாமல்தான் ஓட்டினேன். ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. கடைசி நேரத்தில் யாரையாவது நம்பிக் கெட்ட பேர் வாங்குவதாக உத்தேசமில்லை.

விஷயம் இது. சென்னையில் ஒரு பேராசிரியர் மாதப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதியிருக்கிறார். தியாகி மருதப்பருக்கும் பாளையங்கோட்டை எஸ்தர் டீச்சருக்கும் "மனைவி அறியாத நெருக்கம்" இருந்ததாம். மருதப்பரைத் தெரியாதவர் எங்கள் ஊரில் கிடையாது. ஐந்து முறை ஜெயிலுக்குப் போனவர். மில்லில் எட்டு மணி நேர ஷிப்டைக் கொண்டுவந்தவர். 1964இல் அவர் இறந்தபோது மில் மூன்று நாள் ஓடவில்லை. அவர் குடியிருந்த வீடு இப்போது அரசு நினைவில்லம். பதினோரு வருடமாக நான்தான் அதற்குக் காப்பாளர்.

வேறு ஒரு தலைவராக இருந்தால் ஊர் இவ்வளவு கொதித்திருக்காது. இவர் மில் தொழிலாளர் சங்கத்தில் ஒரு சட்டம் போட்டவர். இரண்டு குடும்பம் வைத்திருக்கிறவனைச் சங்கம் நீக்கும், மில்லும் நீக்கும், அவன் வேலையை அவனுடைய முதல் மனைவிக்குக் கொடுக்கும். அதைக் கல்லில் வெட்டி நினைவில்ல வாசலிலேயே வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

இன்றைக்கு வாசலில் நாற்பது பேர் நின்று கோஷம் போட்டார்கள். அதில் ஒரு முகம்கூட இந்த வீட்டுக்குள் வந்து பார்த்த முகமில்லை. யார் கூட்டி வந்தார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

மதியம் எங்கள் துறையின் திருநெல்வேலி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நினைவில்லத்தில் உள்ள எல்லாப் பொருளையும் பட்டியல் எடுத்து, இந்தக் குற்றச்சாட்டை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ ஏதாவது இருக்கிறதா என்று பன்னிரண்டாம் தேதிக்குள் அறிக்கை தர வேண்டும். பதினான்காம் தேதி தியாகியின் பிறந்தநாள் விழா. அதற்குள் முடித்துவிடப் பார்க்கிறார்கள்.

4 ஜூலை, வியாழன்

பிறந்தநாளுக்கு முன்னால் வருடா வருடம் தியாகியின் துணிகளைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போடுவோம். ஜிப்பா மூன்று, கதர் வேட்டி இரண்டு, துண்டு ஒன்று. எல்லாவற்றின் ஓரத்திலும் பழைய சலவைக் குறி இருக்கிறது. அந்தக் காலத்தில் சலவைக்காரர் வீட்டுக்கு வீடு ஒரு குறி வைத்து, சேராங்கொட்டைக் கறையால் துணியில் போட்டுவிடுவார். துணி நைந்து கிழிந்தாலும் கறை போகாது. தியாகி வீட்டுக் குறி மூன்று புள்ளி.

ஒரு வேட்டியில் மட்டும் மூன்று புள்ளிக்குக் கீழே ஒரு சின்னக் கோடு இருக்கிறது. என்னவென்று தெரியவில்லை. கறை வழிந்திருக்கலாம்.

பெருக்கித் துடைக்க வருகிற தங்கபுஷ்பம்தான் மடித்து வைத்தாள். இந்த வீடு நினைவில்லமானதிலிருந்து, முப்பத்து மூன்று வருடமாக இங்கே வேலை செய்கிறாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். மற்ற துணியை எல்லாம் ஏனோதானோவென்று மடித்தவள், அந்த வேட்டியை மட்டும் மடியில் போட்டு நீவி, கோடு இருக்கிற மூலையை உள்ளே தள்ளி மடித்தாள். நான் பார்ப்பது தெரிந்ததும் வேப்பிலை எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டாள்.

யார் சொல்லி மறைக்கிறாள்?

5 ஜூலை, வெள்ளி

அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து வாங்கினேன். சாயங்காலம் என் சேலைகளைத் துவைத்துப் போட்டேன். லாண்டரியில் கொடுத்தால் என்ன என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். பத்து வயதிலிருந்து என் துணியை நான்தான் துவைக்கிறேன். வேறு விசேஷம் இல்லை.

6 ஜூலை, சனி

தியாகியின் பேரன் ராஜமருது வந்திருந்தார். விழாச் செலவையும் தங்கபுஷ்பத்தின் சம்பளத்தையும் கொடுக்கிற குடும்ப அறக்கட்டளைக்குத் தலைவர் அவர்தான். வழக்கமாக விழா அன்றைக்கு மாலையோடு வருவார், போட்டோ எடுத்ததும் போய்விடுவார். இன்றைக்கு ஒரு மணி நேரம் இருந்தார். எனக்கு ஜிகர்தண்டா வேறு வாங்கி வந்தார். நான் குடிக்கவில்லை.

"மேடம், அந்தத் துணியெல்லாம் பூச்சி அரிச்சுக் கிடக்கு. பிறந்தநாளுக்குப் புதுக் கதர் வாங்கி வெச்சிருவோமே. செலவு அறக்கட்டளையோடது."

"அது தியாகி கட்டினது சார். புதுசு வெச்சா அது ஜவுளிக்கடை."

"ஜனங்க கிட்டப் போய் மோந்தா பாக்கப் போறாங்க?" என்று சிரித்தார். சிரித்தது வாய் மட்டும்தான். கண் கண்ணாடிப் பெட்டியிலேயே இருந்தது.

போகும்போது சொன்னார்: "அறிக்கையில ரொம்ப யோசிக்காதீங்க. 'அப்படி எதுவும் இல்லை'ன்னு ஒரு வரி போதும். ரிட்டயர் ஆகிற நேரத்துல உங்களுக்கு எதுக்குத் தலைவலி?"

என் ஓய்வுத் தேதி அவருக்கு எப்படித் தெரியும்? பதினோரு வருடத்தில் என் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

அவர் காரில் ஏறுவதற்கு முன் புஷ்பத்திடம் ஏதோ சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நான் போய் நின்றதும் பேச்சு நின்றுவிட்டது. ஆக, இரண்டு பேரும் கூட்டு.

7 ஜூலை, ஞாயிறு

எஸ்தர் டீச்சருக்குத் தியாகி எழுதிய பதினோரு கடிதம் எங்களிடம் இருக்கிறது. பேராசிரியர் போன வருடம் வந்து நகல் எடுத்துப் போனார். இன்றைக்குப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.

ஒன்றும் இல்லை. முதியோர் இரவுப் பள்ளி, சிலேட்டு, மண்ணெண்ணெய், வராத வாத்தியார். கடிதம் ஒவ்வொன்றும் "அன்புச் சகோதரிக்கு" என்று தொடங்குகிறது. "உங்கள் நலம் காக்கவும்" என்று ஒரு கடிதத்தில் இருக்கிறது. டீச்சருக்கு டைபாய்டு வந்திருந்த சமயம் அது. இதை வைத்துக்கொண்டா அந்த மனிதர் நெருக்கம் என்று எழுதினார்? கல்யாணப் பத்திரிகையில் "அன்புடையீர்" என்று இருப்பதைப் பார்த்தால் என்ன எழுதுவாரோ. டீச்சரின் தங்கை பேத்தி பாளையங்கோட்டையிலிருந்து போன் செய்து அழுதாள். சர்ச்சில் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்களாம்.

ஒன்றும் இல்லை என்றதும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. ஏன் என்று எழுத இப்போது நேரமில்லை, அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

8 ஜூலை, திங்கள்

காலையில் மாசானமுத்து லாண்டரிக்குப் போனேன். அவருடைய அப்பாதான் அந்தக் காலத்தில் ஊருக்கே வெளுத்தவர். வேட்டி மூலையைப் போட்டோ எடுத்துக் காட்டினேன். யார் வேட்டி என்று சொல்லவில்லை.

"மூணு புள்ளி. எங்கப்பா போட்ட குறிதான்" என்றார். அயர்ன் பெட்டியைக் கீழே வைத்தார். "கீழ கோடுன்னா..." என்று நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, உடனே திரும்பிக்கொண்டார். "ஒங்களுக்குத் தெரியாததாம்மா?"

சரி. வியாழக்கிழமை எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. அடித்துவிடலாம், ஆனால் அடித்தால் சந்தேகம் வரும். அப்படியே இருக்கட்டும், இப்போது உள்ளதை எழுதுகிறேன்.

கோடு என்னவென்று எனக்குத் தெரியும். அது எந்த வீடு என்று அறியத்தான் லாண்டரிக்குப் போனேன். ஒரு ஆளுக்கு இரண்டு வீடு இருந்தால் மாசானமுத்துவின் அப்பா இரண்டு வீட்டுக்கும் ஒரே குறிதான் போடுவார். சின்ன வீட்டுத் துணியில் மட்டும் கீழே ஒரு கோடு. மூட்டை மாறி அந்த வீட்டுச் சேலை இந்த வீட்டுக்குப் போனால் தெருச்சண்டை வந்துவிடும், அதற்காக அந்த ஏற்பாடு. என் அப்பா வள்ளிநாயகத்தின் குறி பெருக்கல். என் பள்ளிக்கூடச் சட்டைக் காலரில் பெருக்கலும் கீழே ஒரு கோடும் இருந்தன. நாலாம் வகுப்பில் ஒருத்தி என் காலரைத் திருப்பி வகுப்பு முழுவதற்கும் காட்டினாள். அன்றைக்கு நிறுத்தினேன், வெளியே துணி போடுவதை.

என் அப்பாவை 1959இல் தியாகி மருதப்பர்தான் சங்கத்திலிருந்து நீக்கினார். அவர் வேலை அவருடைய முதல் மனைவிக்கு, என் பெரியம்மாவுக்குப் போனது. அப்பா அதற்குப் பிறகு பஜாரில் கைவண்டி இழுத்தார், இழுத்தபடியே செத்தார். அலுவலகத்தில் இது ஒருவருக்கும் தெரியாது. இந்த வேட்டியை நான் பதினோரு வருடத்துக்கு முன்பே, பொறுப்பேற்ற முதல் மாதமே பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பூட்டிய பெட்டிக்குள் அவருடைய யோக்கியதை இருக்கிறது, சாவி என் இடுப்பில் இருக்கிறது என்ற நினைப்பு எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

சாயங்காலம் வேட்டியை எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, என் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். விதிமுறைப்படி தப்பு. ராஜமருது மாற்றிவிடுவார் என்று பயம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

9 ஜூலை, செவ்வாய்

நினைவில்லத்துக்கு வார விடுமுறை. மாவு அரைத்தேன். நான் கை கழுவி வருவதற்குள் அம்மா என் பையைத் துழாவி வேட்டியை எடுத்துவிட்டாள். எண்பத்து மூன்று வயது, ஒரு கண்ணில் பாதிப் பார்வை. பையைத் துழாவுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. அந்தக் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

ஜன்னல் வெளிச்சத்தில் மூலையைப் பிடித்துப் பார்த்தாள்.

"இது பேச்சித்தாய் வீட்டு வேட்டில்லா? ஒன்கிட்ட எப்படிட்டி வந்துச்சு?"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. வேட்டியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். நான் விடவில்லை. அரை மணி நேரம் கேட்டேன், கத்தினேன்கூட. பிறகு சொன்னாள்.

சலவை மூட்டையை எங்கள் வீட்டு வாசலில் வைத்துத்தான் பிரிப்பார்களாம். கோடு போட்ட துணியை எல்லாம் அங்கேயே தனியாக எடுத்துவிடுவார்கள். அந்தத் தெருவில் கோடு போட்ட வீடு இரண்டு. ஒன்று பெருக்கல், எங்களுடையது. இன்னொன்று மூன்று புள்ளி. அது மில்லில் கழிவுப் பஞ்சு பொறுக்குகிற பேச்சித்தாய் வீட்டுக்குப் போகும்.

"அப்பாவை நீக்கினப்ப உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"அப்பாவுக்கு?"

"நான் சொல்லல."

"சங்கத்துல போய் நீ அந்த மூட்டையை அவிழ்த்துக் காட்டியிருந்தா, அவர் அப்பாவை நீக்கியிருக்க முடியுமா அம்மா?"

"முடியாதுதான்." அம்மா நிதானமாகச் சொன்னாள். "அன்னைக்கு நானும் கெளம்பிட்டேன். தெரு முக்கு வரைக்கும் போனேன். அவ வாசல்ல நிக்கா, இடுப்புல ரெண்டு வயசுப் பிள்ளை. என்னயப் பாத்ததும் எதுக்குப் போறேன்னு அவளுக்குப் புரிஞ்சு போச்சு. பிள்ளைய முந்தானையால மூடிக்கிட்டா. எனக்குக் காலு ஓடல. திரும்பி வந்துட்டேன். ஊரு அவர ஒண்ணும் செய்யாது. அவளத்தான் கல்லால அடிக்கும்."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு பொம்பளைக்காக என் அப்பாவை வண்டி இழுக்க விட்டாயே என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி, கேட்டுவிட்டேன்.

"அந்தச் சட்டத்துலதான் ஒங்க பெரியம்மாவுக்கு வேல கெடச்சுது. இருவத்தாறு வருசம் நூல் சுத்துற ரீலிங்ல நின்னு மூணு பிள்ளையள ஆளாக்குனா. ஒங்கப்பா அவளுக்கு ஒரு பிடி அரிசி குடுக்காம இங்க வந்து கெடந்தாரு, தெரியுமா? நான்தான் அந்தப் பாவத்துல பாதி." கண்ணைத் துடைத்தாள். சொட்டு மருந்தா அழுகையா தெரியவில்லை. "சட்டம் நல்ல சட்டம்தான். போட்ட ஆளு சரியில்ல. அதுக்கு என்ன செய்ய?"

இத்தனை வருடம் மருதப்பர் கெட்டவர் என்று நிரூபணமானால் எனக்கு நெஞ்சு குளிரும் என்று இருந்தேன். நிரூபணம் மடியில் கிடக்கிறது, குளிரவில்லை. பெரியம்மாவை நான் ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், அப்பாவின் சாவு வீட்டில். கையெல்லாம் நூல் அறுத்த தழும்பு.

10 ஜூலை, புதன்

ராத்திரி முழுக்க ஒரு எழுத்து மண்டையைக் குடைந்தது. வருகைப் பதிவேட்டில் "பே. தங்கபுஷ்பம்". பேச்சிமுத்து என்று அப்பா பெயர் கொடுத்திருக்கிறாள். பேச்சிமுத்து என்று ஒரு ஆளை இந்த ஊரில் நான் கேள்விப்பட்டதில்லை.

காலையில் நான் போவதற்குள் அவள் பெட்டியைப் பார்த்துவிட்டாள். கண்ணாடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். விளக்குமாறு ஒரு பக்கம் கிடந்தது.

"மேடம், அந்த வேட்டி எங்க? அவுக எடுத்துட்டாவளா?"

"யாரு?"

"பேரன்தான். அன்னைக்கு வந்து கேட்டாவ, சாவி எங்க இருக்கும்னு. தெரியாதுன்னு தலையாட்டிட்டேன்."

கூட்டு என்று நான் எழுதியது இதைத்தான். கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பையைத் திறந்து வேட்டியை அவள் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "பேச்சித்தாய் உங்க அம்மாதானே புஷ்பக்கா?" என்று கேட்டேன்.

எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஆரு சொன்னா?"

"எங்கம்மா பிச்சம்மா. அதே தெரு."

"பெருக்கல் வீடா?" என்றாள். அந்த ஒரு சொல்லில் என் விவரம் முழுக்க அவளுக்குத் தெரிந்துவிட்டது. விளக்குமாற்றை எடுத்து மூலையில் சாத்தினாள்.

பிறகு அவளே சொன்னாள். தியாகி இறந்த அன்றைக்குப் பேச்சித்தாய் வீட்டிலிருந்துதான் திரும்பியிருக்கிறார். வீட்டு வாசற்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். உடம்பிலிருந்து வேட்டியை அவிழ்த்தபோது தியாகியின் மனைவி உலகம்மாள் ஆச்சி கோட்டைப் பார்த்திருக்கிறார். சலவைக்காரரைக் கூப்பிட்டு விசாரித்து, வேட்டியைத் தன் துணிப்பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். இருபத்திரண்டு வருடம் கழித்து வீட்டை அரசாங்கம் எடுத்து நினைவில்லமாக்கியபோது, ஆச்சியே புஷ்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து வேலை வாங்கிக் கொடுத்தார்.

"அந்த வேட்டிய ஆச்சிதான் எடுத்துக் குடுத்தாவ, கண்ணாடிக்குள்ள வையின்னு. 'ஒங்க வீட்டுத் துணி இங்க இருக்கட்டும். நீ தெனம் வந்து பாத்துக்கோ. ஆனா அப்பான்னு வாயத் தொறக்கப்படாது'ன்னாவ. நான் சத்தியம் பண்ணிக் குடுத்தேன். அதான் கோட்ட உள்ள விட்டு மடிப்பேன்."

ஆச்சி செய்தது கருணையா, கெட்டிக்காரத்தனமா என்று எனக்குப் பிடிபடவில்லை. கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டால் வாய் திறக்க மாட்டாள் என்ற கணக்காகவும் இருக்கலாம். புஷ்பத்திடம் கேட்கவில்லை. அவள் ஆச்சியைத் தெய்வம் என்கிறாள்.

11 ஜூலை, வியாழன்

ராஜமருது போன். எஸ்தர் டீச்சர் கடிதத்தில் ஒன்றும் இல்லையாமே, அலுவலகத்தில் சொன்னார்கள் என்று ஒரே சந்தோஷம். நேற்று நான் அலுவலகத்துக்குப் போனில் சொன்னது அதற்குள் அவர் காதுக்குப் போய்விட்டது. "அதை மட்டும் எழுதுங்க மேடம். கட்டுரை எஸ்தர் டீச்சரைப் பத்தித்தானே. கேட்ட கேள்விக்குப் பதில், பொய்யும் இல்ல."

சாமர்த்தியமான ஆள். அந்த வரியை எழுதினால் டீச்சர் குடும்பத்துக்கு நிம்மதி, விழா நடக்கும், எனக்கு ஓய்வூதியம் தடையில்லாமல் வரும், என் அப்பா யார் என்பதும் வெளியே வராது. பொய்யும் இல்லை. எனக்கே அந்த வரி பிடித்திருந்தது. அதுதான் சந்தேகமாக இருந்தது.

புஷ்பத்திடம் சொன்னேன். எஸ்தர் டீச்சர் மேல் தப்பில்லை என்று மட்டும் எழுதப் போகிறேன், உங்கள் அம்மா பேர் வராது, பயப்பட வேண்டாம் என்றேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஏன் வராது?" என்றாள்.

"என்ன புஷ்பக்கா?"

"பத்து நாளா ஊரே எஸ்தர் டீச்சர், எஸ்தர் டீச்சர்னு பேசுது. பேப்பர்ல போட்டோ போட்டுருக்கான். அந்தம்மா பாவம், சம்மந்தமே இல்ல. எங்கம்மா ஒம்போது வருசம் அவுகளுக்குச் சோறாக்கிப் போட்டா. செத்த அன்னைக்கு மில்லு வாசல்ல கூட்டத்தோட கூட்டமா நின்னுதான் பாத்தா. கிட்டப் போவ முடியல. அப்பறம் நாப்பத்தி மூணு வருசம் வெள்ளச் சேல உடுத்தல. உடுத்துனா ஏன்னு கேப்பாவன்னு. சாவுற வரைக்கும் கலர் சேல." அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. "இன்னைக்குக் கெட்ட பேரு வந்துருக்கு. அதுவும் வேற ஒருத்திக்குப் போச்சு. கெட்ட பேராவது எங்கம்மாவுக்கு வரப்படாதா மேடம்?"



"ஆச்சிக்குப் பண்ணின சத்தியம்?" என்று கேட்டேன்.

"ஆச்சியும் போயாச்சு, எங்கம்மாவும் போயாச்சு. எனக்கு அறுவத்திரெண்டு வயசு. நீங்க எழுதுங்க. பேரு போட்டு எழுதுங்க."

"வேலை போயிரும்."

"பெருக்குதுக்கு ஊருல வேற வீடா இல்ல?"

அறுபது வருடத்துக்கு முன்னால் தெரு முக்கில் என் அம்மாவின் காலைக் கட்டிப்போட்ட பிள்ளை இவள்தான். இவளைக் காப்பாற்றத்தான் அம்மா வாயை மூடினாள். இவள் இப்போது வாயைத் திற என்கிறாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா சொட்டு மருந்தை எடுத்துக் கண்ணில் விட்டுக்கொண்டாள். பிறகு, "அவ பேரு, அவ கேக்கா. நீ ஆரு மாட்டேன்னு சொல்ல?" என்றாள்.

12 ஜூலை, வெள்ளி

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதல் இரண்டில் என் அப்பாவின் ஆத்திரம் வந்துவிட்டது. "ஊருக்கு உபதேசம்" என்றுகூட ஓரிடத்தில் எழுதியிருந்தேன். அறிக்கையில் அதற்கு வேலையில்லை.

மூன்றாவதில் உள்ளதை மட்டும் எழுதினேன். எஸ்தர் டீச்சர் மீதான குற்றச்சாட்டுக்குக் கடிதங்களில் ஆதாரம் இல்லை. வரிசை எண் 5, கதர் வேட்டி, சலவைக் குறி மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. அது வந்த வீடு பேச்சித்தாயின் வீடு. படிவத்தில் தகவல் தந்தவர் பெயருக்கு ஒரு கட்டமும், தலைவருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டமும் இருக்கின்றன. இரண்டையும் நிரப்பினேன். குறியின் பொருள் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதையும் எழுதினேன்: "நான் 1959இல் சங்கத்திலிருந்து நீக்கப்பட்ட வள்ளிநாயகத்தின் இரண்டாம் மனைவியின் மகள். என் வீட்டுத் துணிகளிலும் இக்கோடு இருந்தது. எனவே என் கூற்றைத் துறை வேறொருவரைக் கொண்டும் சரிபார்க்கலாம்."

என்னை நானே சந்தேகப்பட்டு எழுதிக் கொடுத்தது சர்வீஸிலேயே இது முதல் தடவை.

பதிவுத் தபாலில் அனுப்பி, நகலை மெயிலிலும் அனுப்பினேன். மெயில் அனுப்பினால் அப்புறம் தபாலைக் காணோம் என்று சொல்ல முடியாது. காபி குடித்தேன்.

13 ஜூலை, சனி

போன் பதினேழு முறை அடித்தது. எடுக்கவில்லை.

14 ஜூலை, ஞாயிறு

விழா நடந்தது. அமைச்சர் வரவில்லை, உடம்பு சரியில்லையாம். ராஜமருது என் பக்கம் திரும்பவே இல்லை. சங்கத்துப் பழைய ஆள் ஒருவர் வந்து, "ஒங்கப்பன் புத்திதானே ஒனக்கும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஆக, விஷயம் கசிந்துவிட்டது. வலித்தது. நாலாம் வகுப்பில் வலித்த அளவு இல்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வழக்கம்போல வீட்டைச் சுற்றிக் காட்டினேன். வாசல் கல்லைப் படித்துவிட்டு ஒரு சிறுமி கேட்டாள்: "மிஸ், இவரு நல்லவரா?"

பதினோரு வருடமாக இதற்கு ஒரு பாராட்டுரை மனப்பாடமாக வைத்திருந்தேன். அது வாயில் வரவில்லை. "நிறைய நல்லது செஞ்சாரு. சில பேருக்கு அநியாயமும் செஞ்சாரு" என்றேன். டீச்சர் பிள்ளைகளை அவசரமாக அடுத்த அறைக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

பிறகு நான் போய் அவர் படத்தைத் துடைத்தேன். வெறுப்பாகத்தான் இருந்தது. கல்லையும் துடைத்தேன். பெரியம்மாவின் பிள்ளைகள் மூன்று பேரும் அந்தக் கல்லால்தான் பள்ளிக்கூடம் போனார்கள். அது வெறுப்பாக இல்லை.

15 ஜூலை, திங்கள்

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்துவிட்டது. நினைவில்லப் பொருளை வீட்டுக்கு எடுத்துப் போனது ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். அதையும் அறிக்கையில் நானே எழுதியிருந்தேன். தங்கபுஷ்பம் ஒன்றாம் தேதியிலிருந்து வர வேண்டாம் என்று அறக்கட்டளையிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். இன்றைக்குப் பதினைந்துதானே என்று அவள் பாட்டுக்குப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

கூடத்தை முடித்துவிட்டு என் மேஜைக்கு வந்தாள்.

"எழுதினத ஒரு தடவ வாசிங்க மேடம். நமக்கு எழுத்து வராது."

நகலை எடுத்து அவள் சம்பந்தப்பட்ட வரியை வாசித்தேன். வரிசை எண் ஐந்து, கதர் வேட்டி, பேச்சித்தாய் வீடு. தகவல் தந்தவர், பேச்சித்தாய் மகள் தங்கபுஷ்பம்.

"பேச்சித்தாய்னு முழுசாப் போட்டுருக்கா? பே-ன்னு புள்ளி வைக்கலையே?"

"முழுசாத்தான் இருக்கு."

"அவுகளுக்கு நான் என்ன ஒறவுன்னு போட்டீய?"

"மகள்."

"ரெண்டாந்தாரத்து மகள்னா?"

"இல்ல. மகள்னு மட்டும்தான்."

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பிறகு, எழுத்து வராதவள், அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்து, "மகள்னு இருக்கது எது?" என்று கேட்டாள். நான் விரலை வைத்துக் காட்டினேன்.